இருபடிச் சமன்பாடு

தெரியாத ஓர் எண்ணும் அதன் வர்க்கமும் சேர்ந்து வரும் சமன்பாடு இருபடிச் சமன்பாடு. அதன் பொது வடிவம் அ·ய² + ஆ·ய + இ = 0. இதில் ய என்பது காண வேண்டிய எண். அ, ஆ, இ மூன்றும் தெரிந்த கெழுக்கள். அ மட்டும் சுழியாக இருக்கக்கூடாது. (காண வேண்டிய எண்ணை ‘யா’ என்ற எழுத்தால் குறிப்பது பழைய இந்தியக் கணித நூல்களின் வழக்கம்.) பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தின் நடுநாயகமான பாடம் இது. முக்கோணவியல் சமன்பாடுகளிலும் பல கடைசியில் இந்த வடிவத்துக்கே வந்து சேர்கின்றன.

இச்சமன்பாட்டுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பாடநூல்கள் விரிவாகக் கற்பிக்கின்றன. கண்டபின் எதை ஏற்பது, எதை விடுவது, என்ன காரணத்தால் விடுவது என்பதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. கணக்கின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

வரலாறு

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது, இப்படித் தொடங்குகிறது: ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால், பக்கம் எவ்வளவு? பலகை தரும் வழி இது. ஒன்றில் பாதி அரை. அதன் வர்க்கம் கால். அதை முக்காலோடு கூட்ட ஒன்று. அதன் வர்க்கமூலம் ஒன்று. அதிலிருந்து அரையைக் கழிக்க விடை அரை. இன்று நாம் வர்க்கப் பூர்த்தி என்று சொல்லும் முறை எந்தக் குறியீடும் இல்லாமல் அங்கே முழுமையாக இருக்கிறது.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இருபடிச் சமன்பாட்டுக்குப் பொது விதி தந்தார். சுழியையும் எதிர்க்குறி எண்களையும் கையாளும் விதிகளும் அதே நூலில் உள்ளன. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எதிர்க்குறி எண்களைக் கொள்ளாததால் சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்துத் தனித்தனியே தீர்த்தார். அவருடைய புகழ்பெற்ற கணக்கு ய² + 10ய = 39. பக்கம் ய உள்ள சதுரம் ஒன்றை வரைந்து, அதன் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டினால், மூலையில் 25 பரப்புள்ள இடம் காலியாக நிற்கும். அதை நிரப்பினால் மொத்தப் பரப்பு 64, பக்கம் 8, ஆகவே ய = 3. மற்றொரு மூலமான −13 சதுரத்தின் பக்கமாக இருக்க முடியாது என்பதால் அவர் கணக்கில் அதற்கு இடமில்லை.

இரண்டாம் மூலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் இரண்டாம் பாஸ்கரர். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரது பீஜகணிதத்தில் குரங்குக் கணக்குகள் இரண்டு உண்டு. ஒரு கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாட, மீதி 12 குரங்குகள் குன்றின்மேல் இருக்கின்றன. விடை 16 அல்லது 48. இரண்டும் பொருந்தும், இரண்டையும் ஏற்கிறார். அடுத்த கணக்கில், ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3ஐக் கழித்து வர்க்கித்த அளவு குரங்குகள் குகைக்குள் போக, ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. ய² − 55ய + 250 = 0 என்று வரும்; மூலங்கள் 50, 5. இதில் 5ஐ ஏற்கக்கூடாது என்கிறார். 5இல் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து 3 போனால் −2. எதிர்க்குறி எண்ணிக்கையில் குரங்குகள் இருக்க முடியாது. விடை நேர்க்குறி எண்ணாக இருந்தும், வழியில் வரும் ஓர் அளவு பொருந்தாததால் அது விலக்கப்படுகிறது. இதைவிடத் தெளிவான பாடம் பள்ளிக் கணக்குகளில் அரிது.

தீர்க்கும் முறைகள்

காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் என மூன்று முறைகள் கற்பிக்கப்படுகின்றன. கெழுக்கள் இடம் கொடுத்தால் காரணிப்படுத்தலே விரைவு. இரு எண்களின் பெருக்கல் சுழியானால் அவற்றில் ஒன்றாவது சுழி என்பதே அதன் அடிப்படை. அதனால்தான் வலப்புறம் சுழி நிற்க வேண்டும். (ய − 2)(ய − 3) = 6 என்பதை ய − 2 = 6 என்று உடைப்பது அடிக்கடி நேரும் பிழை.

வர்க்கப் பூர்த்தியில் பின்னங்கள் தொல்லை தரும். பழைய இந்தியக் கணிதவியலாளர் ஸ்ரீதரர் கண்ட வழி அதைத் தவிர்க்கிறது. அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை, பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் இந்த விதி நமக்குத் தெரிகிறது. சமன்பாட்டை 4அ ஆல் பெருக்கி, இரு புறமும் ஆ² கூட்டினால் (2அ·ய + ஆ)² = ஆ² − 4அ·இ என்று முழு வர்க்கம் கிடைக்கும். சூத்திரம் இதிலிருந்து ஒரே படிதான்: ய = (−ஆ ± √(ஆ² − 4அ·இ)) / 2அ. சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் மாணவர் இந்த இரு வரிகளையும் ஒருமுறை எழுதிப் பார்த்தால், மறந்தாலும் மீட்டுக்கொள்ளலாம். வர்க்கமூலத்துக்குள் உள்ள ஆ² − 4அ·இ தன்மைகாட்டி எனப்படும். அது நேர்க்குறியானால் வெவ்வேறான இரு மெய் மூலங்கள்; சுழியானால் சமமான மூலங்கள்; எதிர்க்குறியானால் மெய் மூலம் இல்லை.

வார்த்தைக் கணக்குகளில்

ஒரு ரயில் 360 கி.மீ. தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது; வேகம் மணிக்கு 5 கி.மீ. கூடினால் 1 மணி நேரம் குறையும். முதல் வேகத்தை ய எனக் கொண்டால் ய² + 5ய − 1800 = 0; மூலங்கள் 40, −45. வேகம் எதிர்க்குறியாகாது என்று எழுதி −45ஐ விடுகிறோம், அது சரியே. ஆனால் அந்த 45 வெறுமனே வந்த எண்ணல்ல, கூடிய வேகம் அது. 360ஐ 40 ஆல் வகுக்க 9 மணி, 45 ஆல் வகுக்க 8 மணி.

முக்கோணவியலில்

2காஸ்² + 3சைன் = 3 என்ற சமன்பாட்டில் காஸ்²க்குப் பதிலாக 1 − சைன்² என்று இட்டால் 2சைன்² − 3சைன் + 1 = 0. சைன் மதிப்பு 1 அல்லது ½. 0° முதல் 360° வரை கோணங்கள் 90°, 30°, 150°. ஓர் இருபடிச் சமன்பாடு இங்கே மூன்று கோணங்களைத் தருகிறது. 150°ஐ மறப்பவர் மிகப் பலர். வேறொரு கணக்கில் சைன் மதிப்பு 2 என்று ஒரு மூலம் வந்தால், சைன் −1க்கும் 1க்கும் இடையில்தான் அமையும் என்பதால் அதை விட வேண்டும்.

இரு புறமும் வர்க்கித்தால் பொய் மூலங்கள் நுழையும். சைன் + காஸ் = 1 என்பதை வர்க்கித்தால் 0°, 90°, 180°, 270° ஆகியவை வரும். வர்க்கிக்கும் முன் இருந்த சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 180°, 270° இரண்டும் −1 தருகின்றன, அவை விடையல்ல. வகுப்பதால் இதற்கு எதிரான தீங்கு நேரும். 2சைன்·காஸ் = சைன் என்பதைச் சைன் ஆல் வகுத்தவர் 0°, 180° ஆகிய உண்மையான விடைகளை இழந்துவிடுவார்.

சைன் 18° காணும் கணக்கில் இவை எல்லாம் ஒன்றுகூடுகின்றன. 36°உம் 54°உம் சேர்ந்தால் 90° என்பதால், 18°இன் இருமடங்கின் சைனும் மும்மடங்கின் காஸும் சமம். விரித்து, காஸ் 18° சுழியல்ல என்பதை உறுதிசெய்துகொண்டு அதனால் வகுத்தால், சைன் 18°ஐ ய எனக் கொண்டு 4ய² + 2ய − 1 = 0 கிடைக்கும். 18° முதற் காற்பகுதியில் இருப்பதால் நேர்க்குறி மூலமான (√5 − 1)/4, அதாவது சுமார் 0.309, விடையாகும். மற்ற மூலம் சுமார் −0.809, அது −54°இன் சைன். அந்தக் கோணத்திலும் இருமடங்கின் சைன் மும்மடங்கின் காஸுக்குச் சமம்தான். சைன் 18° மட்டும் கேட்டால் அதை விடலாம். அந்தச் சமன்பாட்டை முழுமையாகத் தீர்க்கச் சொன்னால் விடக்கூடாது.