ஆடு புலி ஆட்டத்தில் சமநிலை: மர்ரேயின் ‘வேட்டை’ வகைப்பாட்டுக்கு ஒரு மறுப்பு

பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுத வருவோர் எவரும் ஹெச்.ஜே.ஆர். மர்ரேயைத் தாண்டிப் போக முடியாது. சதுரங்கம் அல்லாத ஆட்டங்களுக்கென்று 1952இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையின் அடித்தளம். போர், முற்றுகை அல்லது வேட்டை, ஓட்டம், வரிசை, அடுக்கு, எண்ணல் என ஆதி மனிதரின் செயல்களோடு ஆட்டங்களைப் பொருத்தி அவர் வகை பிரித்தார். நம் ஆடு புலி ஆட்டம் ‘வேட்டை ஆட்டம்’ என்ற வகைக்குள் போயிற்று. ஐரோப்பாவின் நரியும் வாத்தும் ஆட்டமும் அதே வகைதான். பின்வந்தவர்கள் இந்தப் பிரிப்பைக் கேள்வியின்றி எடுத்துக்கொண்டார்கள்.

மர்ரேயின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிரிப்பு, ஆட்டம் எதைச் சித்திரிக்கிறது என்பதையும், இரு தரப்பின் எண்ணிக்கை ஒவ்வாமல் இருப்பதையும் மட்டுமே பார்க்கிறது. ஒவ்வாத இரு தரப்பும் எந்த விதியால் ஈடுகட்டப்படுகின்றன என்பதற்கு வகைப்பாட்டின் முதல் அடுக்கில் இடமே இல்லை. என் பார்வையில் வரலாற்றின் முதுகெலும்பு அதுதான்.

நரி ஆட்டத்தில் எல்லாக் காய்களும் தொடக்கத்திலேயே பலகையில் நிற்கின்றன. எனவே ஒரு தரப்பு ஓங்கினால் எண்ணிக்கையை மாற்றுவதே எளிய வழி. இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்டின் (1461–1483) கணக்கில் இரண்டு ஆட்டத் தொகுதிகளுக்காக 2 நரிகளும் 26 நாய்களும் வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது; அதாவது ஒரு நரிக்கு 13 எதிரிகள். பிற்காலத்தில் இது 15, 17 என்று கூடியது. கூட்டிய இடத்தில் வாத்துகள் பின்னோக்கி நகரக் கூடாது என்ற கட்டும் சேர்ந்தது. எண்ணிக்கைதான் அங்கே திருகாணி.

ஆடு புலி ஆட்டம் அப்படியல்ல. கருவேப்பிலங்குறிச்சியில் நாங்கள் திண்ணையில் கரிக்கோடு கிழித்து அதை ஆடியபோது விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளின் உடைசல் துண்டுகள் புலி, புளியங்கொட்டை ஆடு. 3 புலி, 15 ஆடு. இந்த எண்ணை யாரும் தொட மாட்டார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். 15ஆவது ஆடு இறங்கும்வரை இறங்கிய ஆடு எதுவும் அசையக் கூடாது; இதை இறக்கல் விதி என்பேன். புலியோ அதுவரையும் நகரலாம், ஆட்டைத் தாவி வெட்டலாம். ஆட்டுக்காரர் முதல் பாதியில் கைகட்டி இழப்பை ஏற்று, பின்பாதியில் புலிகளை நகர முடியாமல் மடக்குகிறார். ஈடுகட்டல் காலத்தில் இருக்கிறது, எண்ணிக்கையில் அல்ல.

பலகையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உச்சிப் புள்ளி 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23. இழப்பே இல்லாமல் எல்லா ஆடும் இறங்கினால் 18 காய்கள் நிற்க, காலி இடம் 5 மட்டும். ஒரு புலியை அடைக்க, அது நகரும் இடத்தையும் தாவி விழும் இடத்தையும் நிரப்ப வேண்டும். முதல் குறுக்குக் கோட்டின் ஓரப்புள்ளியில் நிற்கும் புலியை அடைக்க 4 ஆடு போதும். உச்சியில் நிற்பதற்கு 8 வேண்டும். ஒரு புலி உச்சியிலும் மற்ற இரண்டும் முதல் கோட்டின் இரு ஓரங்களிலும் நின்றால், ஆடுகள் பொதுவாகப் பயன்படுவதால், 12 ஆட்டில் மூன்றும் முடங்கும். மூன்று புலிகளும் அடிக்கோட்டின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டால் 8 ஆடே போதும். அதாவது, பரந்து நிற்கும் புலிக்கு எதிராக 3 ஆடுகள்வரை இழக்கலாம், ஒடுங்கிய புலிக்கு எதிராக 7 வரை.

எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்ற விதி இடத்துக்கு இடம் வேறுபடுவதை ‘நாட்டுப்புறக் குழப்பம்’ என்று ஒதுக்கக் கூடாது என்பேன். 5 வெட்டினால் ஆட்டம் முடிந்தது என்று வைத்தால், 10 ஆடு மீதமிருக்க, மூலையில் மடக்கும் வழி திறந்திருக்கும்போதே ஆடு தோற்கிறது. அந்த விதி புலிப் பக்கம் சாய்கிறது. கடைசி ஆடுவரை ஆடுவோம் என்றால் சாய்வு மறுபுறம். தொடங்கும் முன் இதைப் பேசிக்கொள்வதே சமநிலையைச் சரிசெய்யும் வேலை.

இறக்கல் விதி ஈடுகட்டும் என்பதற்கு நேபாளத்தின் பாக் சால் ஆட்டம் துணை நிற்கிறது. 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அங்கும் ஆடுகளை இறக்கி முடித்த பிறகுதான் நகர்வு, 5 ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமன் என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் கணினி கொண்டு நிறுவியிருக்கிறார்கள். நம் ஆட்டத்துக்கு இந்த முடிவை அப்படியே நீட்ட முடியாது, பலகை வேறு. ஆயினும் ஒவ்வாத தரப்புகளை இறக்கல் விதி சமன்செய்ய வல்லது என்பதற்கு அது சான்று.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட, பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டமும் காலத்தில் ஈடுகட்டும் இதே வழியில்தான் போனது. முதல் நிலையில் மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம், கையில் குத்துவாள். போர்வீரன் முன்னே நிற்பான். மேல்நிலைகளில் மந்திரவாதி அவனை விஞ்சுவான். 2008இன் நான்காம் பதிப்பு எல்லாப் பாத்திர வகைகளுக்கும் ஒரே சட்டகத்தைக் கொடுத்தது. வகைகளின் தனித்தன்மை போயிற்று என்று ஆடுவோர் பலர் முறையிட்டார்கள். 2014இல் வேறுபாடுகள் திரும்பி வந்தன. அந்த முறையீடு நியாயமானது. ஏற்றத்தாழ்வைக் காலத்தில் பரப்பி ஈடுகட்டுவது ஆடுவோருக்குப் பொறுமையையும் பயத்தையும் ஒருசேரத் தருகிறது.

இறக்கல் விதி எப்போது வந்தது? கோயில் தளக்கல்லில் வெட்டிய ஆட்டக் கட்டம், தளத்துக்குப் பிந்தியது என்பதற்கு மேல் காலம் சொல்லாது. ஹென்றி பார்க்கர் 1909இல் இலங்கை ஆட்டங்களைப் பதிவுசெய்தபோது ‘தெமள’ என்ற அடைமொழியோடு ஒரு சிறுத்தை ஆட்டம் இருந்தது. சிங்களவர் அதைத் தமிழர் ஆட்டமாக அறிந்திருந்தனர் என்பதற்கு மேல் அதையும் இழுக்க வேண்டாம். ஒன்பது காய்களை முதலில் இறக்கும் நவகங்கரி ஆட்டத்திலிருந்து இறக்கல் விதி வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆண்டு குறிக்க நான் துணியவில்லை.

கோயில்களில் கட்டங்களை அளந்து படம் எடுப்போருக்கு ஒரு வேண்டுகோள். கோட்டின் நீளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஊர்ப் பெரியவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி, எல்லாம் இறங்கும் முன் ஆடு நகரலாமா. பதிலை ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.