புழுவெட்டு என்று சொல்லுமுன்



தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் இருக்கின்றன. நோயுற்ற கண்ணைப் படமாக வரைந்து, கொடுத்த சிகிச்சையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் பார், பிறகு மருந்து கொடு என்பது நம் ஊருக்குப் புதிதல்ல.

ஆனால் குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டினால் நாம் பார்ப்பதில்லை. புழுவெட்டு என்று சொல்லிச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கிறோம். என் தம்பிக்கு எட்டு வயதில் அதைத்தான் செய்தார்கள். சீழ் வைத்து ஆறிய இடத்தில் இன்றுவரை முடி இல்லை. அது பூஞ்சைத் தொற்றாக இருந்திருக்கும் என்று பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் தழும்பைப் பார்த்துச் சொன்னார்.

மேல்நாட்டுக் குழந்தைகள் பட்டது இன்னும் அதிகம். 1904இல் பாரிஸ் மருத்துவர் சபூரோ, படை வந்த தலைக்கு எக்ஸ்ரே கொடுத்து முடியை உதிர்க்கும் முறையை வகுத்தார். அரை நூற்றாண்டு அது நடந்தது. அப்படிச் சிகிச்சை பெற்றவர்களிடையே மூளையிலும் தைராய்டிலும் கட்டிகள் அதிகம் வந்தது பின்னால் தெரிந்தது. 1925இல் புறஊதா விளக்கால் தலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். சில பூஞ்சைகள் அதில் பச்சையாக ஒளிரும், மற்றவை ஒளிராது. 1958இல் கிரிசியோஃபல்வின் மாத்திரை வந்த பிறகே எக்ஸ்ரே முறை ஓய்ந்தது.

இப்போது இருப்பது டெர்மோஸ்கோப். கையில் அடங்கும் விளக்கு வைத்த லென்ஸ். சுமார் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். ஊசி இல்லை, கத்தி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. இதைக் கொண்டு முடியையும் தலைத்தோலையும் ஆராய்வதற்கு 2006இல் போலந்து மருத்துவர் லிடியா ருட்னிக்கா குழுவினர் டிரைக்கோஸ்கோபி என்று பெயரிட்டார்கள். புழுவெட்டில் முடி அடியில் மெலிந்து ஆச்சரியக்குறி போலத் தெரியும். பூஞ்சைத் தொற்றில் கால்புள்ளி போல வளைந்திருக்கும்; இது 2008இல் பதிவானது. குழந்தை தானே பிய்த்துக்கொண்டால் முடிகள் பல நீளத்தில் முறிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் முடித்துண்டை எடுத்துச் சோதிப்பார்கள்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பூஞ்சைக்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். சீப்பு, துண்டு வழியாக மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும். முடியைப் பிய்க்கும் குழந்தைக்கு வேண்டியது திட்டு அல்ல, பரிவு.

வங்கியில் கையெழுத்தைச் சரிபார்க்காமல் ஒரு காசோலைக்கும் பணம் கொடுத்ததில்லை. குழந்தையின் தலைக்கும் அந்தக் கவனம் வேண்டாமா? வெங்காயத்தை எடுக்குமுன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.