தடங்கலுக்கு வருந்துகிறோம்

தொலைக்காட்சிப் பெட்டி நம் வீட்டுக் கூடத்துக்கு வந்த புதிதில் நமக்கு நன்றாகப் பழகிப்போன வாசகம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்பது. இயந்திரக் கோளாறு என்று எண்ணி நாமும் பொறுத்துக்கொள்வோம். ஆனால் எல்லாத் தடங்கலும் இயந்திரத்தினால் வருவதில்லை. அமெரிக்காவில் இப்படி ஓர் அறிவிப்பு அட்டையில் தொடங்கிய வழக்கின் வரலாறு, என் போன்ற கதாசிரியனின் கற்பனைக்கு எட்டாதது.

மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரம் ஜாக்ஸன். 1953-ல் அங்கே டபிள்யூ.எல்.பி.டி. என்ற தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சொத்து அது. அதன் ஒளிபரப்பு எட்டும் பகுதியில் நூற்றுக்கு 45 பேர் கறுப்பின மக்கள். 1955-ல் ஒரு நிகழ்ச்சியில் தர்குட் மார்ஷல் என்னும் கறுப்பின வழக்கறிஞர் தோன்றியபோது, படம் மறைந்தது. ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்ற அட்டை வந்தது. வேண்டுமென்றே துண்டித்தார்கள் என்று புகார் எழுந்தது. 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர முயன்றபோது, அதை எதிர்த்து நிலையமே தலையங்கம் வாசித்தது.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. வெள்ளையரைக் குறிப்பிடும்போது மிஸ்டர், மிஸஸ் உண்டு. கறுப்பருக்கு வெறும் பெயர்தான். ஒரு மரியாதை விகுதிக்குள் எவ்வளவு வெறுப்பை ஒளித்து வைக்கலாம் என்பதைத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1963 மே 20 அன்று, கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸுக்கு அந்த நிலையத்தில் பேச நேரம் கிடைத்தது. நிதானமாக, நியாயம் கேட்டுப் பேசினார். ஜூன் 12-ல் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார்.

மறு ஆண்டு, எவரெட் பார்க்கர் என்ற பாதிரியாரின் முயற்சியில், சிலர் ஒரு வாரம் முழுதும் அந்த நிலையத்தின் நிகழ்ச்சிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அவருடைய திருச்சபையும் உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களும் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுச் செய்தார்கள். ஒளிபரப்பு ஆணையம் சொன்ன பதில்தான் வேடிக்கை. அலைவரிசையில் குறுக்கீடு என்று இன்னொரு நிலையம் வழக்காடலாம். வருமானம் போயிற்று என்று போட்டியாளர் வழக்காடலாம். பார்க்கிறவனுக்கு மட்டும் அந்த உரிமை இல்லையாம்! 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. பார்க்கிற பொதுமக்களும் வழக்காடலாம் என்றது. அப்படியும் ஆணையம் 1968-ல் லைசென்ஸைப் புதுப்பித்தது. 1969-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1971-ல் நிலையம் வேறு கைக்கு மாறியது. 1972-ல் வில்லியம் டில்டே என்னும் கறுப்பினத்தவர் அதன் மேலாளரானார்.

தொலைக்காட்சிக்காரரின் பொறுப்பு என்ன என்று கேட்டால் நான் இந்த ஜாக்ஸன் நிலையத்தைத்தான் காட்டுவேன். தன் வாயால் வசை பேசாதிருந்தால் போதாது. யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ, அவனுக்கும் பேச நேரம் கொடுக்க வேண்டும். கதையில் ஒருவனைக் கெட்டவனாக எழுதினால் வாசகன் என்னோடு சண்டைக்கு வருவான். அவனைப் பேசவே விடாமல் எழுதிவிட்டால், அப்படி ஒருவன் இருந்ததே வாசகனுக்குத் தெரியாது. இந்த இரண்டாவது குற்றத்துக்குச் சாட்சி கிடைப்பது அரிது.

ஜாக்ஸனில் சாட்சி கிடைத்தது. ஒரு வாரம் பெட்டியின் முன் அமர்ந்து, திரையில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று பொறுமையாக எழுதிக்கொண்ட சிலர்தான் அந்தச் சாட்சிகள். வாசகர்களே, அந்த வேலைக்குச் சட்டப் படிப்பு வேண்டாம்; ஒரு பென்சிலும் காகிதமும் போதும்.