இடைத்தேர்தலில் பழகிய மெட்டு

1958 மே மாதம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். தொகுதி கேரளத்தில் இருந்தது. ஆனால் அங்கே ஓட்டுள்ளவர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருந்த தமிழர்கள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கே சேர வேண்டும் என்று போராடி, மொழிவழி மாநிலப் பிரிவினையில் தோற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆறாத அந்தப் புண்ணோடு இருந்தவர்களிடம் போய், மலையாளியான ரோசம்மா புன்னூஸுக்கு ஓட்டுக் கேட்க வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சி மலைக்குக் கீழே இருந்து ஒரு பாட்டுக்காரரை வரவழைத்தது. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறினார்.

ரோசம்மா 1957-லேயே ஜெயித்தவர்தான். காங்கிரஸ் தரப்பில் பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தள்ளியது தவறு என்று தீர்ப்பாகி, அந்த வெற்றி செல்லாமல் போனது. 126 பேர் கொண்ட சட்டசபையில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் ஆட்சி, கட்சிக்காரர்கள் 60 பேரும் ஆதரவு சுயேச்சைகள் ஐந்து பேருமாக நூலிழையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு இடம் போனாலும் ஆட்டம் கண்டுவிடும்.

அன்றைக்குக் காங்கிரஸின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. பாவலர் அந்தக் காளைகளையே கேலிப்பொருளாக்கி ஒரு பாட்டுக் கட்டினார். தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்களுக்கு மாடு புதிதல்ல. ஏர் பிடித்த ஊர்களிலிருந்து போனவர்கள்தானே. சண்டிமாட்டைப் பற்றிய கிண்டல் அவர்களுக்கு விளக்கமில்லாமல் புரியும். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றிக்கு இ.எம்.எஸ்ஸே பாவலரைப் பாராட்டினார் என்பது அந்தக் குடும்பத்தார் பல மேடைகளில் சொன்ன கதை.

பண்ணைப்புரம் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு, எல்லைக்கோட்டுக்கு முந்தியது. 1895-லிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து கீழே வருகிறது. கூலிக்கு ஆட்கள் கீழேயிருந்து மேலே போகிறார்கள். குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை இன்றைக்கும் பார்க்கலாம். தண்ணீர் கொண்டுவந்த பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைப்பார்கள். தேனி பஸ் ஸ்டாண்டும் அவர் பெயரில்தான். வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவருக்கு இவ்வளவு நன்றி காட்டும் ஊர்கள் தமிழ்நாட்டில் அபூர்வம். பாட்டுக்காரர் வரதராஜனுக்கு அதில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலானோருக்கு அவர் ‘இளையராஜாவின் அண்ணன்’; அவ்வளவுதான்.

இளையராஜாவைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகத் தாய் சின்னத்தாயின் தாலாட்டிலிருந்தும் வயல்காட்டுத் தெம்மாங்கிலிருந்தும் ஆரம்பிப்பார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் தாலாட்டும் தெம்மாங்கும் அன்றைக்கு எல்லா ஊரிலும்தான் இருந்தன. பண்ணைப்புரத்தில் கூடுதலாக இருந்தது ஓடிக்கொண்டே இருந்த ஒரு கட்சிக் கச்சேரி. ராசையா என்ற அந்தப் பையன் 14 வயதில் அண்ணனோடு சேர்ந்தான். உடையாத குரல் என்பதால் பெண் குரல் பாட்டுகள் அவன் பங்குக்கு வந்தன. குரல் உடைந்ததும் அது போயிற்று. பிறகு ஆர்மோனியமே கதி. அண்ணன் இல்லாத நேரத்தில் அவருடைய பெட்டியைத் திருட்டுத்தனமாக வாசித்து, பிடிபட்டு, பிரம்படி வாங்கியதை இளையராஜாவே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.

பாவலர் சகோதரர்கள் என்ற பெயரில் வரதராஜன், பாஸ்கர், ராசையா, அமர்சிங் நால்வரும் ஊர் ஊராகப் போனார்கள். அமர்சிங்தான் பின்னாளில் கங்கை அமரன். கட்சி மேடை கண்டிப்பான வாத்தியார். நாள் முழுக்க வேலை செய்து களைத்த கூட்டம் அது. முதல் இரண்டு வரியில் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். காலையில் வந்த செய்தி சாயங்காலம் பாட்டாக வேண்டும். ஊருக்குத் தெரிந்த சினிமா மெட்டிலோ நாட்டுப்புற மெட்டிலோ புது வார்த்தை உட்கார வேண்டும். வார்த்தை காதில் தெளிவாக விழவும் வேண்டும். பிற்காலத்தில் அரைமணி நேரத்தில் மெட்டுப் போடுகிறார் என்று கோடம்பாக்கம் வாயைப் பிளந்தபோது, அந்த வேகத்துக்கான பயிற்சி எங்கே நடந்தது என்று தேடியிருந்தால் தேவிகுளத்து லயங்கள் வரை போக வேண்டியிருந்திருக்கும்.

அல்லிநகரத்துச் சின்னசாமி இந்தக் கதைக்குள் வந்தது மலேரியாவால். சுகாதார ஆய்வாளர் வேலையில் பண்ணைப்புரம் பக்கம் வந்தவர், பாஸ்கரோடும் தம்பிகளோடும் சிநேகமானார். கொசு ஒழிப்பை விட நாடகத்தில்தான் அவருக்கு நாட்டம். அவர் எழுதி நடித்த நாடகங்களுக்குச் சகோதரர்கள் பாட்டுப் போட்டார்கள். முதலில் சின்னசாமி சென்னைக்குப் போய்ப் பாரதிராஜா ஆனார். 1960-களின் கடைசியில் தம்பிகள் பின்னாலேயே போனார்கள். ராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார்; ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார்.

1976-ல் ராசையா இளையராஜாவாக அறிமுகமான ‘அன்னக்கிளி’ வந்தது. அதன் முதல் பாட்டுப் பதிவில் கரண்ட் போய், அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்த கதை தமிழ் சினிமாவின் நிரந்தரத் துணுக்கு. பாவலர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அடுத்த வருடம் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’, இசை இளையராஜா. கங்கை அமரன் எழுதிய ‘செந்தூரப்பூவே’ எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. தேனிச் சீமையின் மண்வாசனை என்று இன்றைக்கும் புகழப்படும் அந்தப் படம் பெரும்பாலும் எடுக்கப்பட்டது கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். ‘முதல் மரியாதை’க்கும் தலக்காட்டுக்குப் போனார் பாரதிராஜா. வாசனை திரையில் தெரிந்த மண்ணிலிருந்து வரவில்லை. பேச்சிலும் பாட்டிலும்தான் அது இருந்தது.

இந்தப் பக்கத்திலிருந்து சினிமாவுக்குப் போன மூன்றாவது ஆள் கவிஞர் வைரமுத்து. மேட்டூர் என்ற அவரது ஊர் வைகை அணைக்காகக் காலியானபோது, குடும்பம் வடுகபட்டிக்குப் பெயர்ந்தது. அணை 1959-ல் திறக்கப்பட்டது. அந்த இடப்பெயர்வை வைத்து அவர் எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. அவர் முதன்முதலில் பாட்டெழுதிய ‘நிழல்கள்’ 1980-ல் வெளியானது. இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா. ஒரே பள்ளத்தாக்கின் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்த அந்தப் படத்தில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. சென்னையில் வேலையில்லாமல் திரியும் பட்டதாரிகளின் கதை. படம் ஓடவில்லை. பாட்டுகள் ஓடின, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தோல்விக்கு மருந்தாக 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது. மூவரும் மறுபடி சேர்ந்தார்கள். இந்த முறை முட்டம் கடற்கரை. தயாரித்தவர் பாஸ்கர், தமிழ்நாடெங்கும் திரையரங்கு நிறைந்த அந்தப் படத்தை வெளியிட்ட கம்பெனிக்கு அவர் வைத்திருந்த பெயர் பாவலர் கிரியேஷன்ஸ்.