நூல் கட்டின காலமும் கேமரா காலமும்

வீல் அலைன்மென்ட் சரியா வரலைன்னா எல்லாரும் கம்ப்யூட்டரைத்தான் திட்டுவாங்க. ஆனா இந்தக் கருவிகளோட வரலாற்றைப் பார்த்தா, பல நேரம் குற்றவாளி தரையும் கிளாம்பும்தான் :-)

கொஞ்சம் பின்னாடி போவோம். பழைய குதிரை வண்டியில முன் அச்சு மொத்தமா நடுவுல ஒரு ஆணியில திரும்பும். ரெண்டு சக்கரமும் ஒரே அச்சில இருக்கறதால கோணம் மாறுற பேச்சே கிடையாது. 1810-களில் ம்யூனிக் நகரத்து வண்டி கட்டுபவர் ஜார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர், அச்சை அசையாமல் வைத்து, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும்படி செய்தார். அதுக்கு இங்கிலாந்தில் 1818-ல் காப்புரிமை வாங்கினவர் அவரோட ஏஜென்ட் ருடால்ஃப் ஆக்கர்மன். மனுஷர் லண்டனில் படங்களும் புத்தகமும் அச்சடிச்சு விற்றவர்! செஞ்சவர் ஒருத்தர், பேர் வாங்கினவர் இன்னொருத்தர். நமக்குத் தெரியாத கதையா?

நிற்க. சக்கரங்கள் பிரிஞ்சதும் ரெண்டையும் இணைக்க ஒரு கம்பி தேவைப்பட்டது. அந்த டை ராடோட நீளம் கொஞ்சம் மாறினா சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கும். அதுதான் டோ. ஒரு சக்கரம் 0.33 டிகிரி விலகினா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 6 மீட்டர் பக்கவாட்டில் இழுபடற கணக்கு. டயர் ஏன் ரம்பப் பல் மாதிரி தேயுதுன்னு இப்ப புரியுதா?

இதை அளக்க முதலில் இருந்தது நூலும் சாக்பீஸும். டயரைச் சுத்திக் கோடு போட்டு, முன்னாடி இடைவெளி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பார்ப்பாங்க. அப்புறம் டிராமல் கேஜ், குமிழ் வைத்த கேம்பர் கேஜ், ஒளிக்கற்றை அடிக்கும் புரொஜெக்டர். பிறகு சக்கரத்தில் மாட்டும் எலெக்ட்ரானிக் ஹெட். 1990-களில் கேமரா வந்தது. சக்கரத்தில் வெறும் டார்கெட் தகடு மட்டும்.

ஒவ்வொண்ணும் முந்தினதோட வியாதியைக் குணப்படுத்தி, புதுசா ஒண்ணைக் கொண்டு வந்தது. குமிழ் கேஜுக்குத் தரை மட்டம்தான் உயிர். 1.5 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தா, கேம்பர் கிட்டத்தட்ட 0.2 டிகிரி பொய் சொல்லும். எலெக்ட்ரானிக் ஹெட் ஒருதரம் கீழே விழுந்தா மறுபடி காலிப்ரேஷன் பண்ணணும். பண்ணாம விட்டா ஸ்க்ரீன்ல பச்சை காட்டும், ரோட்டுல வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கேமராவுக்கோ, டார்கெட்டில் கிரீஸ் கை பட்டாலும், ஷெட் வாசல் வெயில் நேரா அடிச்சாலும் கண்ணு மங்கும்.

எல்லாக் காலத்துக்கும் பொதுவான தொல்லை ரெண்டு. ஒண்ணு, ரிம் வளைஞ்சிருந்தா கிளாம்பும் சாய்ஞ்சு நிக்கும். அதைக் கழிக்கத்தான் ரன்அவுட் காம்பன்சேஷன். அப்போ ஜாக்கியில தூக்கிச் சக்கரத்தைச் சுத்தணும்; கேமரா மெஷினில் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினா போதும். அவசரத்துல முதல்ல கைவிடறது இதைத்தான். ரெண்டாவது டர்ன் டேபிள். மண் அடைச்சு இறுகிட்டா சக்கரம் இயல்பா உட்காராது. காஸ்டரே, சக்கரத்தை ரெண்டு பக்கமும் திருப்பி, கேம்பர் எவ்வளவு மாறுதுன்னு பார்த்துக் கணக்கிடற சமாச்சாரம். தட்டு சிக்கினா அந்த எண்ணும் போச்சு.

அதனால, "என்ன மெஷின் அண்ணே?"ன்னு கேக்கறதை விட, "கடைசியா எப்போ காலிப்ரேஷன் பண்ணீங்க?"ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார், தேதியைச் சொல்வார். தேயறது நம்ம காசு, மக்களே!