கோனாவின் கடைசி ஏழு நாட்கள்

1979 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஹவாயின் ஓஆஹு தீவில் அன்று நடக்கவேண்டிய பந்தயம் நடக்கவில்லை. புயல் காற்றில் கடல் கொந்தளித்தது. அமைப்பாளர் ஜான் காலின்ஸ் ஒருநாள் தள்ளிவைத்தார். மாதக்கணக்கில் உடம்பைத் தயார்செய்தவர்களுக்கு இதைவிடக் கடுமையான சோதனை உண்டா? வயிறாரச் சாப்பிட்டாயிற்று, தூங்கவும் முயன்று பார்த்தாயிற்று, மனத்தை ஒரு குறிப்பிட்ட விடியலுக்காக இறுக்கி வைத்தாயிற்று. இப்போது இன்னோர் இரவைக் கடக்க வேண்டும். பெயர் கொடுத்தவர்களில் பலர் விலகிக்கொண்டார்கள். ஞாயிறு காலை கடலில் இறங்கியவர்கள் 15 பேர்தான்.

சான்டியாகோவில் மதுக்கூடம் நடத்திவந்த டாம் வாரன் 11 மணி 15 நிமிடம் 56 நொடியில் வென்றார். களத்தில் இருந்த ஒரே பெண்ணான லின் லெமேர் ஐந்தாவதாக முடித்தார். கோல்ஃப் போட்டி ஒன்றைப் பற்றி எழுதத் தீவுக்கு வந்திருந்த பேரி மெக்டெர்மட் இதையும் பார்த்துவிட்டு, 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே தொலைக்காட்சி வந்தது. போட்டியாளர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

அயர்ன்மேன் என்று உலகம் அறிந்த இந்தப் பந்தயம் பிறந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. நீச்சல்காரர், ஓட்டக்காரர், சைக்கிள்காரர் இவர்களில் யாருக்கு உடல்வலு அதிகம் என்ற வாக்குவாதத்துக்குக் கடற்படை அதிகாரியான காலின்ஸ் சொன்ன விடை அது. தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கோத்தார்: 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். தண்ணீரையும் உதவியாளரையும் அவரவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சைக்கிள் கட்டம்வரை முன்னிலையில் இருந்த ஜான் டன்பாரின் குழுவிடம் மாரத்தானின்போது தண்ணீர் தீர்ந்துபோய், பியரைக் கொடுத்தார்கள். டன்பார் இரண்டாவதாகத்தான் வந்தார். வென்றவர் கார்டன் ஹாலர். காலின்ஸ் வழியில் நின்று ஒரு கிண்ணம் சில்லி சாப்பிட்டுவிட்டு, 17 மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு முடித்தார்.

இவர்களில் யாரும் காசுக்காக ஓடவில்லை. பரிசுப் பணம் என்பதே 1986இல்தான் வந்தது. பந்தயத்துக்கு முந்தைய வாரத்தை எப்படிக் கழிப்பது என்று வழிசொல்லவும் யாருமில்லை, ஏனெனில் அந்தத் தூரத்தை அதற்குமுன் எவரும் கடந்ததில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை பத்தாண்டுகளுக்கு முன்பே ஸ்டாக்ஹோமில் கிடைத்திருந்தது. யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே சோதனைக்களமாக்கினார்கள். உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றின் இருபுறமும் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்து, ஒருவர் இடக்காலாலும் மற்றவர் வலக்காலாலும் களைத்து விழும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. தொடைத் தசையை ஊசியால் குத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் தசையின் எரிபொருளான கிளைக்கோஜனின் சேமிப்பு மற்ற காலைவிட ஏறத்தாழ இருமடங்காக ஏறியிருந்தது. 1966இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரை, நெடுந்தூரப் பந்தயக்காரர்களின் சாப்பாட்டுத் தட்டையே மாற்றிவிட்டது.

பிரிட்டனின் ரான் ஹில் 1969இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய மாரத்தானுக்கு இந்த முறையைக் கைக்கொண்டு வென்றார். அதன் பழைய வடிவம் கொடுமையானது. முதலில் கடும் பயிற்சியாலும் மாவுச்சத்தே இல்லாத உணவாலும் தசையை வறளவைக்க வேண்டும், பிறகு நிரப்ப வேண்டும். அந்த வறண்ட நாட்களில் எரிச்சலும் சோர்வும் ஆளைத் தின்றுவிடும். 1981இல் ஷெர்மன், காஸ்டில் குழுவினர் அந்த வதை தேவையில்லை என்று காட்டினார்கள். பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து, கடைசி மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டினாலே ஏறக்குறைய அதே பலன். நியாயமாகப் பார்த்தால், வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சி செய்யும் அமெச்சூர் வீரர்களுக்கு அறிவியல் செய்த பேருதவி இது.

விடையின் மறுபாதி, உழைப்பைக் குறைப்பது. டேப்பர் என்று வீரர்கள் சொல்லும் இந்தக் கட்டத்தை 2007இல் பொஸ்கே குழுவினர் பல ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் பயிற்சியின் அளவை 41 முதல் 60 விழுக்காடு குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் வைத்திருப்பதே அதிகப் பலன் தருகிறது என்று கண்டார்கள். படிக்க எளிது, செய்யக் கடினம். மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து பழகியவருக்குத் திடீரென்று நேரம் மிஞ்சுகிறது. முழங்காலில் இல்லாத வலி தோன்றும். பக்கத்து இருக்கைக்காரர் தும்மினால் நெஞ்சு படபடக்கும். கிளைக்கோஜன் தன்னோடு நீரையும் சேர்த்து வைப்பதால் எடை ஓரிரண்டு கிலோ ஏறும்; அது நல்ல அறிகுறி என்று தெரிந்தும் எடைபோடும் கருவியைப் பார்த்து முகம் வாடும்.

1981இல், அப்போது பந்தயத்தை நடத்திவந்த வேலரி சில்க் அதை நெரிசல் மிகுந்த ஹொனலுலுவிலிருந்து பெரிய தீவின் கைலுவா-கோனாவுக்கு மாற்றினார். எரிமலைக் குழம்பு உறைந்த கருநிலம், அதன் அனல், ஹாவி ஊருக்குப் போகும் சைக்கிள் வழியில் பக்கவாட்டில் அறையும் காற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முடிவுக்கோட்டுக்குச் சில அடி முன்னால் விழுந்து, தவழ்ந்தே கடந்த கல்லூரி மாணவி ஜூலி மாஸைத் தொலைக்காட்சியில் பார்த்து மக்கள் திரண்டார்கள். 1983இல் தகுதிபெற்றவர்களுக்கும் குலுக்கலில் தேர்வானவர்களுக்கும் மட்டுமே இடம் என்றானது; குலுக்கல் 2015வரை நீடித்தது. ஒரு வாய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தபோது, அந்தக் கடைசி வாரத்தின் கனமும் கூடிற்று.

அந்தக் கனத்தை இறக்கிவைக்கத்தான் கோனாவில் சடங்குகள் முளைத்தன என்று தோன்றுகிறது. காலையில் படகுத்துறையிலிருந்து நீந்திப்போனால் கடலில் நங்கூரமிட்ட படகில் காபி கிடைக்கும், மிதந்தபடியே குடிக்கலாம். நாடுகளின் அணிவகுப்பு ஒருநாள். 1998இல் சில நண்பர்கள் விளையாட்டாகத் தொடங்கிய உள்ளாடை ஓட்டம் வியாழனன்று. வெள்ளிக்கிழமை சைக்கிளைத் துறையில் ஒப்படைத்துவிட்டால், பந்தய விடியல்வரை எதையும் திருகிப் பார்க்க வழியில்லை. வெறுமையான நாட்களுக்கு ஊர்கூடி உருவம் கொடுத்த இந்த வழக்கங்கள் எந்த ஆய்வுக்கட்டுரைக்கும் குறைந்தவையல்ல.

ஜப்பானின் ஹிரோமு இனாடாவை எண்ணிப் பார்க்கலாம். 2015இல், எண்பதைத் தாண்டிய வயதில், 17 மணி நேரக் கெடுவைச் சில நொடிகளில் தவறவிட்டார். 2018இல் தம் 85ஆம் வயதில் 16 மணி 53 நிமிடத்தில் முடித்தார். அந்தத் தோல்விக்குப்பின் வந்த ஒவ்வொரு கடைசி வாரமும் அவருக்கு எவ்வளவு நீண்டிருக்கும்!

2022இல் பந்தயம் வியாழன், சனி என இரு நாட்களுக்கு விரிந்தபோது ஊரின் பொறுமை எல்லை கண்டது. சாலை அடைப்பாலும் நெரிசலாலும் உள்ளூர்க்காரர்கள் அலுத்தார்கள். அதன்பின் ஆண்கள் ஓராண்டு பிரான்ஸின் நீஸுக்கும் மறு ஆண்டு கோனாவுக்குமாக, பெண்களோடு இடம் மாற்றிக்கொண்டார்கள். 2026 முதல் எல்லாரும் மீண்டும் கோனாவில், ஒரே நாளில் போட்டியிடுவார்கள் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது.