கமுதி வட்டாரம் நம்ப மறுத்த மரணம்

கமுதியைச் சுற்றியுள்ள ஊர்களில் போஸ் என்றும் சுபாஷ் சந்திரபோஸ் என்றும் பெயர் சூட்டப்பட்ட ஆண்கள் தலைமுறைதோறும் இருக்கிறார்கள். வங்காளத்துத் தலைவர் ஒருவரின் பெயர் முகவைக் கரிசலில் இப்படி வேரூன்றியதற்கு, கமுதிக்கு அருகே பசும்பொன்னில் 1908ல் பிறந்த முத்துராமலிங்கத் தேவரே முதற்காரணம். 1939ல் போஸ் காங்கிரஸ் தலைவர் பதவியைத் துறந்து பார்வர்டு பிளாக்கைத் தொடங்கியபோது, தெற்கே அந்தக் கட்சியைத் தோளில் சுமந்தவர் தேவர். அதே ஆண்டு செப்டம்பரில் போஸ் மதுரைக்கு வந்ததும் தேவருடைய முயற்சியால்தான். அந்த போஸ் 1945 ஆகஸ்டில் விமான விபத்தில் மாண்டார் என்ற செய்தியை இந்த வட்டாரம் ஏற்கவில்லை. இன்றும் ஏற்காதவர்கள் உண்டு. அவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடும் எழுத்துகளைப் பார்க்கையில் வருத்தமே மிஞ்சுகிறது. அன்றைய மறுப்புக்கு உறுதியான நியாயம் இருந்தது. ஆனால் பின்னர் திரண்ட சான்றுகளை எடைபோட்டால், அவர் அந்த விபத்தில்தான் இறந்தார் என்ற முடிவைத் தவிர்க்க வழியில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்ல வேண்டும். 1942 மார்ச் இறுதியில், போஸ் ஜப்பானுக்கு அருகே விமான விபத்தில் இறந்துவிட்டார் என்று உலகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. காந்தியே போஸின் தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். செய்தி பொய் என்று சில நாட்களில் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், கல்கத்தாவில் வீட்டுக் காவலில் இருந்தவர் பட்டாணியர் வேடத்தில் தப்பி, காபூல் வழியாக இத்தாலியப் பெயரொன்றில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். 1943ல் நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, மடகாஸ்கருக்கு அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, கிழக்காசியாவை அடைந்தார். ஒருமுறை இறந்ததாகச் சொல்லப்பட்டு உயிரோடு வந்தவர், இரண்டு முறை பேரரசின் கண்ணில் மண்ணைத் தூவியவர், மூன்றாவது முறையும் அப்படியே செய்திருப்பார் என்று நம்பியவர்களிடம் என்ன குறை காண முடியும்? இறந்ததாகச் சொல்லப்பட்ட இடம் ஜப்பானியப் படையின் கையில் இருந்தது. செய்தியைச் சொன்னது சரணடைந்துகொண்டிருந்த ஜப்பான். உடலை இந்தியர் எவரும் ஊருக்குக் கொண்டுவரவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் பிழைக்கப் போன உறவினர்களைப் போஸின் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தந்திருந்த தென்மாவட்டக் குடும்பங்கள் அந்த அறிவிப்பை எளிதில் விழுங்கியிருந்தால்தான் வியப்பு.

இனி, நடந்தது என்ன? ஜப்பான் சரணடைந்ததும் போஸ் சோவியத் எல்லையை நோக்கிப் போக முடிவெடுத்தார். ஆகஸ்ட் 17 அன்று சைகோனில் ஜப்பானியர் கொடுக்க முடிந்தது இரண்டு இருக்கைகள்தாம். எஸ். ஏ. ஐயர் உள்ளிட்ட தோழர்கள் விமான நிலையத்திலேயே நின்றுவிட, கர்னல் ஹபீபுர் ரஹ்மான் மட்டும் உடன் ஏறினார். அது மிட்சுபிஷி கி-21 ரகக் குண்டுவீச்சு விமானம். குவாண்டுங் படைக்குப் பொறுப்பேற்க மஞ்சூரியா போய்க்கொண்டிருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஷிடெயும் அதில் இருந்தார். டூரானில் இரவு தங்கி, மறுநாள் பிற்பகல் தைவானின் தைஹோகுவில், அதாவது இன்றைய தைபேயில், இறங்கி எரிபொருள் நிரப்பினார்கள். மீண்டும் கிளம்பிய சிறிது நேரத்தில் பெரும் ஓசை கேட்டது. இடப்பக்க இயந்திரம் கழன்று விழ, விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. ஷிடெயும் விமானி டாகிஸாவாவும் மாண்டனர். பின்வாசலைச் சாமான்கள் அடைத்திருந்ததால் போஸும் ஹபீபும் முன்பக்கத் தீயினூடே வெளியேறினார்கள். போஸின் உடையில் பெட்ரோல் தெறித்திருந்தது. உடல் முழுவதும் கடுமையாக வெந்தது. நான்மோன் ராணுவ மருத்துவமனையில் மருத்துவர் தானெயோஷி யோஷிமி சிகிச்சை அளித்தார். முதலில் நினைவோடு பேசிய போஸ், மாலைக்குப் பிறகு மயங்கி, இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே உயிர் நீத்தார். கடைசிவரை விடுதலைக்காகப் போராடினேன் என்று நாட்டு மக்களிடம் சொல்லுமாறு தம்மிடம் கூறியதாக ஹபீப் பதிவுசெய்திருக்கிறார்.

இந்தச் சாட்சியத்தை ஏன் நம்ப வேண்டும்? சொன்னவர்கள் ஒரே அணியில் இல்லை என்பதே என் முதல் விடை. ஹபீப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் குடியேறியவர். இந்திய அரசைக் காப்பாற்ற அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆயினும் 1956ல் இந்திய அரசு அமைத்த ஷா நவாஸ் விசாரணைக் குழுவின் முன் வந்து அதையே சொன்னார், இறக்கும்வரை மாற்றவில்லை. அவர் கைகளில் தீக்காயத் தழும்புகள் இருந்தன. யோஷிமியை 1946ல் ஹாங்காங் சிறையில் பிரிட்டிஷார் விசாரித்தார்கள். போஸ் உயிரோடு இருந்தால் தேடிப் பிடிக்க வேண்டியவர்களே அவர்கள்தாம். அதே ஆண்டு அவர்களுடைய அதிகாரி கர்னல் ஃபிகெஸ் எழுதிய அறிக்கையும் மரணத்தை உறுதி செய்தது. உடன் பயணித்து உயிர் பிழைத்த ஜப்பானிய அதிகாரிகள் தனித்தனியே சாட்சி சொன்னார்கள். சாட்சிகள் நேரத்திலும் விவரத்திலும் முரண்படுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாண்டு கழித்துத் தீவிபத்தொன்றை நினைவுகூர்பவர்கள் மணிக்கணக்கில் வேறுபடுவது இயல்பு. சொல்லிக்கொடுத்த பாடமாக இருந்தால்தான் எல்லாம் ஒத்திருக்கும். தப்பிப்பதற்கான நாடகம் இது என்ற வாதத்துக்கு ஷிடெயின் மரணமே தடையாக நிற்கிறது. நாடகத்துக்காக ஒரு லெப்டினன்ட் ஜெனரலைப் பலிகொடுப்பார்களா?

எதிர்த்தரப்பில் கனமானது நீதிபதி மனோஜ் குமார் முகர்ஜி ஆணையம் 2005ல் தந்த முடிவு: போஸ் விபத்தில் இறக்கவில்லை, தோக்கியோவின் ரெங்கோஜி கோயிலில் இருப்பது அவருடைய அஸ்தி இல்லை. மறு ஆண்டு அரசு இதை ஏற்க மறுத்தது, அதுவும் போதிய விளக்கமின்றி. அப்படிச் செய்தது தவறு. விடை சொல்லியிருக்க வேண்டும். ஆணையம் நம்பிய முக்கியச் சான்று, அந்த நாட்களில் தைஹோகுவில் விபத்து நடந்ததாகப் பதிவில்லை என்று தைவான் அரசு சொன்னது. ஆனால் அப்போது தைவான் ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. சீனக் குடியரசு பொறுப்பேற்றது 1945 அக்டோபரில்தான். முந்தைய ஆட்சியின் ராணுவ விபத்து பிந்தைய ஆட்சியின் ஏட்டில் இல்லாதது எதையும் நிரூபிக்காது. தகனப் பதிவேட்டில் இருந்தது இச்சிரோ ஒகுரா என்ற வேறு பெயர் என்பது இதைவிட வலுவான ஐயம். தோற்ற நாட்டின் ராணுவம் போஸின் பெயரை மறைத்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பல பேர் கண்ட மரணத்தை ஒரு பதிவேட்டு வரி அழித்துவிடாது. போஸின் குடும்பத்தை உளவுத்துறை இருபதாண்டுக் காலம் கண்காணித்ததாக 2015ல் வெளியான செய்தி அரசின் அச்சத்தைக் காட்டுகிறதே ஒழிய போஸ் உயிரோடிருந்ததைக் காட்டவில்லை. ஆனால் அந்த ரகசியப் போக்குதான் ஐயத்தை அறுபதாண்டுக்கு மேல் வளர்த்தது. மத்திய அரசின் ரகசியக் கோப்புகள் 2016ல்தான் பெருமளவில் பொதுப்பார்வைக்கு வந்தன.

தேவரின் நிலைப்பாட்டையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1956 ஏப்ரலில் ஷா நவாஸ் குழுவின் முன் முதல் சாட்சியாக நின்றவர் அவர். நேதாஜி உயிருடன் இருக்கிறார், தமக்குத் தொடர்பு உண்டு என்றார். போர்க்குற்றவாளிப் பட்டியலில் நேதாஜியின் பெயர் இருக்கிறதா என்பதை அரசு தெளிவாக்காமல் ஆதாரம் தர மறுத்தார். ஆதாரம் கடைசிவரை வெளிவரவில்லை. ஆகவே வரலாற்றுச் சான்றாக அவர் கூற்றை ஏற்க இயலாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. ஒரு நாட்டின் விடுதலைப் படைத் தலைவனை அந்நியர் குற்றவாளியாகக் கருதுகிறார்களா என்பதைச் சுதந்திர அரசு தயங்காமல் சொல்லியிருக்க வேண்டும். மறுபக்கம் இன்னொரு தமிழர் நிற்கிறார். போஸ் அமைத்த ஆசாத் ஹிந்த் அரசின் அமைச்சரான எஸ். ஏ. ஐயரும் போஸிடம் தேவரைப் போலவே பக்தி கொண்டவர். தோக்கியோவில் அஸ்தியின் முன் நின்ற அவர் அந்த மரணத்தை ஏற்றுக்கொண்டு எழுதினார். இருவரில் எவருடைய விசுவாசத்தையும் குறைத்துப் பேச இடமில்லை.

ரெங்கோஜி கோயில் அந்த அஸ்திப் பேழையை 1945 முதல் காத்துவருகிறது. போஸின் மகள் அனிதா தந்தை தைஹோகுவில் இறந்ததை ஏற்று, மரபணுச் சோதனை செய்து அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுவருகிறார். அந்தக் கோரிக்கை மக்களவையில் ஒலிக்க வேண்டும். அதை எழுப்ப, போஸின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த இந்த மண்ணைவிட உரிமை உள்ளவர்கள் குறைவு. கமுதியிலிருந்தும் பசும்பொன்னிலிருந்தும் அந்தக் குரல் எழட்டும்.